கடைசி நேரத்துல புக் பண்ணா சொகுசுக் கப்பல் டிக்கெட் மலிவா? 4 பேர் குடும்பத்துக்கு கணக்கே வேற!

"கப்பல் கிளம்ப ரெண்டு வாரம் இருக்கும்போது புக் பண்ணுங்க, பாதி விலைக்குக் கிடைக்கும்!"

சொகுசுக் கப்பல் பயணம் பற்றி பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இந்த டிப்ஸைச் சொல்லிவிடுவார். இது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என 4 பேர் கிளம்பும் குடும்பத்துக்கு இது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு.

ஏன் அப்படி? அப்போ எப்பதான் புக் பண்றது? பணம் கட்டும் முன் எதையெல்லாம் பார்க்கணும்? விரிவாகப் பார்க்கலாம்.

திடீர்னு ஏன் கப்பல் பயண மோகம்?

சில ஆண்டுகளுக்கு முன்புவரை சொகுசுக் கப்பல் என்றால் நம்மூர் மக்களுக்கு அது சினிமாவில் பார்க்கும் விஷயம். 2022 ஜூன் 4-ம் தேதி சென்னை துறைமுகத்தில் இருந்து 'கோர்டிலியா' சொகுசுக் கப்பல் சேவையை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்த பிறகு நிலைமை மாறியது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையில் இருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய் வந்தது.

2024 செப்டம்பரில் 'க்ரூஸ் பாரத் மிஷன்' திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. 2029-க்குள் நாட்டின் சொகுசுக் கப்பல் பயணிகள் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதுதான் இதன் இலக்கு.

இன்னொரு பக்கம் சிங்கப்பூர். சென்னையில் இருந்து விமானத்தில் நான்கு மணி நேரத்தை ஒட்டிய பயணம்தான். அங்கிருந்து மலேசியா, தாய்லாந்து பக்கம் 3, 4 இரவுகள் போய் வரும் கப்பல்கள் நிறைய. டிஸ்னி நிறுவனம் ஆசியாவைத் தளமாக வைத்து இயக்கும் முதல் கப்பலான 'டிஸ்னி அட்வென்ச்சர்' நிற்கும் துறைமுகமும் சிங்கப்பூர்தான். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பெயர் அடிபடாமல் இருக்குமா?

ஒரு வருஷம் சேர்த்த பணம், போனஸ் பணம் எல்லாம் நான்கு நாள் பயணத்தில் கரையும் என்பதால், எப்போது பணம் கட்டுகிறோம் என்பது சின்ன விஷயம் இல்லை.

கப்பல் டிக்கெட் விலை ஏன் ஏறி இறங்குது?

கப்பல் கிளம்பிய பிறகு காலியாகக் கிடக்கும் கேபினால் ஒரு பைசா வருமானம் இல்லை. ஆம்னி பஸ் சீட்டுக்கும் இதே கதைதான். ஆனால் கப்பலில் கூடுதலாக ஒரு சங்கதி உண்டு. பயணி உள்ளே ஏறிய பிறகும் செலவு செய்துகொண்டே இருப்பார். குளிர்பானம், மதுபானம், கேசினோ, போட்டோ, ஸ்பா, இறங்கும் ஊரில் சுற்றிப் பார்க்கும் டூர் என எல்லாமே நிறுவனத்துக்கு வருமானம். அதனால் டிக்கெட்டில் கொஞ்சம் விட்டுக் கொடுத்தாவது எல்லா கேபினையும் நிரப்பத்தான் பார்ப்பார்கள்.

பெரிய நிறுவனங்கள் ஒரு பயணத்துக்கான புக்கிங்கை ஓராண்டு, இரண்டாண்டுக்கு முன்பே திறந்துவிடுகின்றன. முதலில் கொஞ்சம் டெபாசிட் கட்டினால் போதும். மீதித் தொகையைக் கட்ட ஒரு கடைசி தேதி கொடுப்பார்கள். பெரும்பாலும் இது கப்பல் கிளம்புவதற்கு 75 முதல் 120 நாட்களுக்கு முன்பு வரும். 3, 4 நாள் குறுகிய பயணங்களில் இன்னும் குறைவாகவும் இருக்கலாம்.

இந்தத் தேதிதான் முக்கியம். "சும்மா புக் பண்ணி வைப்போம்" என்று இருந்தவர்கள் இந்த நேரத்தில் ரத்து செய்வார்கள். டிராவல் ஏஜென்ட்டுகள் மொத்தமாகப் பிடித்து வைத்து, விற்காமல் போன கேபின்களும் திரும்ப வரும். கேபின்கள் திடீரென்று கூடும்போது சில நேரம் விலை இறங்கும். அப்படியும் மிஞ்சியது கடைசி இரண்டு, மூன்று வாரங்களில் தள்ளுபடிக்குப் போகும். "கடைசி நேரத்தில் மலிவு" என்ற பேச்சு பிறந்தது இங்கேதான்.

இப்பவும் அப்படித்தானா?

முன்பு போல இல்லை. கொரோனா முடக்கத்துக்குப் பிறகு 2021-ல் மீண்டும் ஓடத் தொடங்கிய கப்பல்கள் பல, பாதி காலியாகவே போயின. அப்போது அடிமாட்டு விலைக்கு டிக்கெட் கிடைத்தது. இன்றும் சுற்றும் பல டிப்ஸ் அந்தக் காலத்து நினைவுதான்.

சர்வதேச சொகுசுக் கப்பல் நிறுவனங்களின் கூட்டமைப்பு தரும் கணக்கைப் பாருங்க:

• 2019 - 2.97 கோடி பயணிகள்
• 2023 - 3.17 கோடி பயணிகள்
• 2024 - 3.46 கோடி பயணிகள்

கொரோனாவுக்கு முந்தைய அளவை எப்போதோ தாண்டியாச்சு. மக்கள் முன்கூட்டியே புக் செய்யும்போது, கடைசி வாரத்தில் தள்ளுபடிக்கு விட கேபின் எங்கிருந்து மிஞ்சும்?

குடும்பத்துக்கு ஏன் காத்திருப்பு ஒத்துவராது?

மூன்று காரணங்கள் இருக்கு.

1. நாலு பேர் தங்கும் கேபின் கொஞ்சம்தான்

கப்பலில் பெரும்பாலான கேபின்கள் 2 பேருக்கானவை. சுவரில் மடக்கும் படுக்கை, சோபா படுக்கை என 3, 4 பேர் தங்கும் வசதி உள்ளவை குறைவு. விடுமுறை நாட்களில் முதலில் தீர்ந்துபோவதும் இவைதான்.

இதில் வெளியே தெரியாத ஒரு கட்டுப்பாடும் உண்டு. அவசர காலத்தில் கூட வேண்டிய இடமும், உயிர்காப்புப் படகில் உட்கார வேண்டிய இடமும் ஒவ்வொரு பயணிக்கும் முன்பே ஒதுக்கப்படும். ஒரு பகுதியின் எண்ணிக்கை நிறைந்துவிட்டால், அங்கே நான்கு படுக்கை கேபின் காலியாக இருந்தாலும் இரண்டு பேருக்கு மட்டுமே கொடுப்பார்கள். கேபின் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நாலு பேர் என்று போட்டால் "இல்லை" என்று வரும். காரணம் இதுதான்.

2. தேதியை மாற்ற முடியாது

கடைசி நேரத் தள்ளுபடி வருவது யாருக்கும் வேண்டாத தேதிகளில். பள்ளி விடுமுறை எல்லோருக்கும் வேண்டிய தேதி. அந்த நாட்களில் கப்பல் தானாகவே நிறையும்போது நிறுவனம் எதற்கு விலையைக் குறைக்கணும்?

3. விமான டிக்கெட்டும் விசாவும்

கப்பல் சிங்கப்பூரில் கிளம்புது என்றால், அங்கே போய்ச் சேர 4 பேருக்கு விமான டிக்கெட் வேண்டும். மே மாதத்தில் அது கடைசி நேரத்தில் இறங்காது, ஏறும். சிங்கப்பூருக்கு இந்தியர்களுக்கு விசாவும் கட்டாயம். அதுவும் கப்பலில் வெளிநாடு போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்குள் வருவதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாக இருக்க வேண்டும்.

ஒரு சின்ன கணக்கு போடலாமா?

இது புரிந்துகொள்வதற்கான உதாரணக் கணக்கு மட்டுமே. ஒரு கேபினில் முதல் 2 பேருக்குத் தலைக்கு 30,000 ரூபாய். அதே கேபினில் 3-வது, 4-வது ஆளுக்குத் தலைக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பல நிறுவனங்கள் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவாக வாங்குவது வழக்கம்தான்.

• முன்கூட்டியே புக் செய்தால்: ஒரே கேபின். 60,000 + 30,000 = 90,000 ரூபாய்.

• காத்திருந்தால்: 20% தள்ளுபடி வருகிறது. ஆனால் நாலு பேர் கேபின் தீர்ந்துவிட்டது. இரண்டு கேபின் எடுக்கணும். 24,000 x 4 = 96,000 ரூபாய்.

20% தள்ளுபடி கிடைத்தும் 6,000 ரூபாய் கூடுதல்! முன்பதிவு விலைக்குச் சமமாக வரவே 25% தள்ளுபடி வேண்டும். இதற்கிடையில் விமான டிக்கெட் தலைக்கு 5,000 ரூபாய் ஏறியிருந்தால், அந்த 20,000 ரூபாயையும் ஈடுகட்ட சுமார் 42% தள்ளுபடி கிடைக்கணும். அது பள்ளி விடுமுறை நாளில் நடக்கிற காரியமா?

இன்னொன்று, பெரும்பாலான நிறுவனங்கள் ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்கின்றன. அதாவது அப்பாவோடு ஒரு பிள்ளை, அம்மாவோடு ஒரு பிள்ளை. இரண்டு கேபினும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

சரி, எந்த விடுமுறைக்கு எப்போ புக் பண்ணலாம்?

மே மாத விடுமுறை, சிங்கப்பூர் கப்பல்: முந்தைய செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் முடிப்பது நல்லது. நவம்பர் கடைசியில் வரும் 'பிளாக் ஃப்ரைடே' தள்ளுபடிகளைக் கவனிக்கலாம்.

இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கு. சிங்கப்பூர் பள்ளிகளின் ஆண்டு நடுவிடுமுறை மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க நீளும். அங்கே உள்ளூர்க் குடும்பங்கள் கப்பலை மொய்ப்பது அப்போதுதான். நம்ம பிள்ளைகளுக்கோ மே மாதம் முழுக்க லீவு. எனவே மே முதல் மூன்று வாரங்களில் வார நாளில் கிளம்பும் பயணத்தையும், ஜூன் முதல் வாரப் பயணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. மே 1 தொழிலாளர் தினத்தையும், மே மாதத்தில் வரும் விசாக தின விடுமுறையையும் ஒட்டிய நாட்களை மட்டும் தவிர்த்தால் நல்லது.

காலாண்டு விடுமுறை: செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். சிங்கப்பூர் பள்ளிகளின் ஒரு வார விடுமுறை செப்டம்பர் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். ஆனால் அக்டோபர் 1 முதல் சீனாவில் தேசிய தின விடுமுறை வாரம். அதற்கு முன் கிளம்பித் திரும்பும் தேதி கிடைத்தால் பாருங்க. ஏப்ரல், மே மாதங்களிலேயே புக் செய்துவிடலாம்.

அரையாண்டு விடுமுறை: கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் உலகம் முழுக்கவே உச்ச சீசன். சிங்கப்பூரிலும் ஆண்டு இறுதி விடுமுறை நடக்கும். இதில் தள்ளுபடியை எதிர்பார்க்கவே வேண்டாம். 9 மாதம் முதல் ஓராண்டுக்கு முன்பே இடம் பிடிப்பதுதான் ஒரே வழி.

சென்னையில் இருந்து கிளம்பும் கப்பல்: தென்மேற்குப் பருவமழையில் அரபிக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அதனால் மும்பையில் ஓடும் கப்பல் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் சென்னை பக்கம் வருவது வழக்கமாகியிருக்கிறது. நம்மூரில் பள்ளி திறக்கும் நேரமும் அதுதான்! ஆகவே இங்கே கூட்டம் வார இறுதிகளிலும், சுதந்திர தினம் போன்ற தொடர் விடுமுறைகளிலும் குவியும். அந்த நாட்கள்தான் வேண்டும் என்றால் அட்டவணை வெளியான உடனே புக் செய்யுங்க. அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

'வேவ் சீசன்' ஆஃபர் நமக்கு உதவுமா?

ஜனவரி முதல் மார்ச் வரை கப்பல் நிறுவனங்கள் உலகம் முழுக்க ஆஃபர்களை அள்ளி வீசும். இதற்குப் பெயர்தான் 'வேவ் சீசன்'. குறைந்த டெபாசிட், கப்பலுக்குள் செலவழிக்க இலவசத் தொகை, பிள்ளைகளுக்கு டிக்கெட் இலவசம் என்று வரும்.

ஆனால் மே மாதப் பயணத்துக்கு இதை நம்பி இருந்தால் லேட் ஆகிவிடும். மே மாதக் கப்பலுக்கு மீதிப் பணம் கட்டும் தேதியே பல நிறுவனங்களில் ஜனவரி, பிப்ரவரியில் வந்துவிடும். வேவ் சீசன் ஆஃபர் நமக்குக் கைகொடுப்பது காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளுக்கும் அடுத்த ஆண்டு மே மாதத்துக்கும்தான்.

"இன்றே கடைசி நாள்" என்று ஓடும் கவுன்ட்டவுன் கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு ஆஃபர் முடிந்தால் வேறு பெயரில் இன்னொன்று வருவது இந்தத் தொழிலில் சகஜம். ஆஃபர் பெயரைப் பார்க்காமல், 4 பேருக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று மட்டும் எழுதி வைத்து ஒப்பிடுங்க.

புக் பண்ண பிறகு விலை இறங்கினா?

முன்பதிவு செய்யத் தயங்குபவர்களின் பெரிய பயமே இதுதான். இதற்கும் வழி இருக்கு.

டெபாசிட்டில் இரண்டு வகை உண்டு. ரத்து செய்தால் திரும்பக் கிடைப்பது ஒன்று, கிடைக்காதது இன்னொன்று. திரும்பக் கிடைக்காத வகையில் விலை கொஞ்சம் குறைவாகக் காட்டும். பிள்ளைகளோடு போகும்போது காய்ச்சல், பரீட்சைத் தேதி மாற்றம் என எதுவும் வரலாம். திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டைத் தேர்வு செய்வதே பாதுகாப்பு.

அப்படிப் புக் செய்துவிட்டு, மீதிப் பணம் கட்டும் தேதி வரை வாரம் ஒருமுறை விலையைப் பாருங்க. இறங்கியிருந்தால், அதே கேபினுக்குப் புது விலையைப் போட்டுத் தரச் சொல்லிக் கேட்கலாம். பல சர்வதேச நிறுவனங்கள் அந்தத் தேதிக்கு முன்பு இதற்கு ஒப்புக்கொள்கின்றன. இல்லையென்றால் ரத்து செய்துவிட்டு மறுபடி புக் செய்யலாம். மேலே சொன்ன 90,000 ரூபாய் கணக்கில் 10% இறங்கினாலும் 9,000 ரூபாய் மிச்சம். விலை ஏறினால் உங்களுக்குக் கவலை இல்லை, பழைய விலைதான்.

அதாவது முன்கூட்டியே புக் செய்பவருக்கு விலை இறங்கினாலும் லாபம், ஏறினாலும் நஷ்டமில்லை. காத்திருப்பவருக்கு இறங்கினால் மட்டுமே லாபம்.

டிராவல் ஏஜென்ட் மூலம் புக் செய்பவர்கள் பணம் கட்டும் முன்பே மூன்று கேள்விகளைக் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்க:

• விலை இறங்கினால் மாற்றித் தருவீங்களா?
• ரத்து செய்தால் கப்பல் நிறுவனம் பிடிப்பது போக, உங்க தரப்பில் தனியா எவ்வளவு பிடிப்பீங்க?
• மீதிப் பணம் கட்ட உங்க கடைசி தேதி எது? கப்பல் நிறுவனத்தின் தேதிக்கு முன்பே வாங்கிக்கொள்ளும் ஏஜென்ட்டுகளும் உண்டு.

விளம்பர விலையும் கடைசி பில்லும்

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் விலை, பெரும்பாலும் இரண்டு பேர் தங்கும் ஜன்னல் இல்லாத கேபினில் ஒருவருக்கான தொகை. அதற்கு மேல் சேர்வது இவை:

• துறைமுகக் கட்டணமும் வரிகளும்: "பிள்ளைகளுக்கு இலவசம்" என்றாலும் இது பிள்ளைகளுக்கும் உண்டு.

• சேவைக் கட்டணம்: கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ். பல நிறுவனங்களில் ஒரு நாளைக்கு, தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள்.

• டி.சி.எஸ்: வெளிநாட்டு டூர் பேக்கேஜை இந்தியாவில் வாங்கும்போது பிடிக்கும் வரி. 2023 அக்டோபர் முதல் 7 லட்சம் ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது. 2025 ஏப்ரலில் வரம்பு 10 லட்சமானது. 2026 பிப்ரவரி பட்ஜெட்டில் வரம்பே இல்லாமல் 2% ஆகக் குறைக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. இது செலவு அல்ல. வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் புக் செய்யும்போது கையில் இருந்து கட்டியாகணும்.

• உள்ளே ஆகும் செலவு: வைஃபை, குளிர்பானங்கள், சிறப்பு உணவகம், கரையில் சுற்றிப் பார்க்கும் டூர்.

இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போது இதையெல்லாம் கூட்டிய பிறகுதான் எது மலிவு என்றே தெரியும்.

கேபினை நாம் தேர்வு செய்யாமல், "எதைக் கொடுத்தாலும் சரி" என்ற வகையில் வாங்கினால் விலை குறையும். ஒரே கேபினில் 4 பேரும் தங்குவதென்றால் இதை யோசிக்கலாம். இரண்டு கேபின் எடுப்பவர்களுக்கு இது ஆபத்து. ஒன்று ஒரு தளத்திலும், இன்னொன்று வேறு தளத்திலும் கிடைக்கக்கூடும்.

அப்போ கடைசி நேர புக்கிங் யாருக்குத்தான் லாபம்?

• ஓய்வுபெற்ற தம்பதி, புதுமணத் தம்பதி என இருவராகப் போகிறவர்கள்.
• இன்னும் பள்ளியில் சேராத குழந்தை இருப்பவர்கள். ஜூலை, ஆகஸ்ட் வார நாட்களில் போகலாம்.
• கப்பல் கிளம்பும் ஊரிலேயே இருப்பவர்கள். துறைமுகத்துக்கு ஆட்டோவில் போக முடிந்தால் விமானச் செலவும் இல்லை, விடுதிச் செலவும் இல்லை. சென்னைவாசிகளுக்கு வார நாளில் கிளம்பும் பயணங்களில் இந்த வாய்ப்பு இருக்கு.

தேதி, கேபின், கப்பல் எதுவானாலும் பரவாயில்லை என்று சொல்ல முடிந்தவர்களுக்குத்தான் காத்திருப்பு காசாகும். இதில் ஒன்றையாவது விட்டுக்கொடுக்க முடியாதவர்கள் சீக்கிரம் புக் செய்வதே புத்திசாலித்தனம்.

சுருக்கமா சொன்னா...

1. பள்ளி நாட்காட்டி வந்ததும் இரண்டு தேதிகளைக் குறிங்க.
2. கேபின் தேடும்போது முதலிலேயே 4 பேர் என்று போட்டு, பிள்ளைகளின் வயதையும் கொடுத்துத் தேடுங்க. 2 பேருக்கான விலையை இரண்டால் பெருக்காதீங்க.
3. 6 முதல் 9 மாதங்களுக்கு முன்பு, திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டில் புக் செய்யுங்க. டிசம்பர் கடைசி வாரத்துக்கு இன்னும் சீக்கிரம்.
4. 4 பேரின் பாஸ்போர்ட்டும் பயணம் முடிந்து குறைந்தது 6 மாதம் செல்லுமா என்று அன்றைக்கே பாருங்க. பிள்ளைகளின் பாஸ்போர்ட் 5 ஆண்டில் காலாவதியாகும்.
5. மீதிப் பணம் கட்டும் தேதியை மொபைல் காலண்டரில் போட்டு, ஒரு வாரம் முன்பு அலாரம் வையுங்க. விலையைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டிய நாள் அதுதான்.
6. அந்தத் தேதி தாண்டிய பிறகு விலையைப் பார்ப்பதை நிறுத்திடுங்க. இறங்கியிருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது, வீண் வருத்தம்தான் மிச்சம்!